குவாட்டர்ஸுக்காகச் செய்த கலியாணம்

நான் அவரைக் கலியாணம் செய்தது ஒரு வீட்டுக்காக. அவர் என்னைச் செய்ததும் அதே வீட்டுக்காகத்தான். இதை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை. ஊருக்குத்தான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது பயம். இப்போது சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. திருகோணமலை நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த பல் கிளினிக்கில் வேலை. பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பது, ஓட்டையை அடைப்பது, ஆடுகிற பாற்பல்லைப் பிடுங்குவது. காலையில் வாசலுக்கு வரும்போதே அழத் தொடங்குகிற பிள்ளைகளோடு என் நாள் போகும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உவர்மலையில் அண்ணாவின் வீட்டில் இருந்தேன். அண்ணாவோ அண்ணியோ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வீடு சின்னது, பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்துகொண்டே இருந்தார்கள். என் கட்டில் அறையிலிருந்து ஹோலுக்கு வந்தது. பிறகு கட்டிலும் இல்லாமல் பாய் ஆனது. தொலைக்காட்சியை நிறுத்தினால்தான் எனக்குப் படுக்கை. என் உடுப்புகள் பாதி அண்ணியின் அலுமாரியிலும் பாதி ஒரு சூட்கேஸிலும் கிடந்தன. கலியாணப் பேச்சுகள் வந்து, பார்த்து, தேத்தண்ணி குடித்து, போய்விட்டன. கொஞ்ச காலத்தில் வருவதும் நின்றுவிட்டது. அதில் எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. ஒரு கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்க முடியவில்லையே என்பதுதான் கவலை.

அவர் முதலில் வந்தது தன் அக்காவின் மகளோடு. அக்கா குடும்பம் கப்பல்துறை என்ற ஊரில். பிள்ளையின் கடைவாய்ப் பல் நான்கு அடைக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் செய்ய ஏலாது, பிள்ளை தாங்காது என்று சொன்னேன். அதனால் கிழமைக்கு ஒரு தடவை, ஒரு பல்லாக, கூட்டிக்கொண்டு வந்தார். முதல் தடவை அந்தப் பிள்ளை என் விரலை நன்றாகக் கடித்துவிட்டது. அவர் தானே கடித்தவர் போல வெட்கப்பட்டு, அடுத்த தடவை ஒரு பெட்டி தொதல் கொண்டுவந்தார்.

"பல் கிளினிக்குக்கு இனிப்போ கொண்டு வாறது?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதை நான் யோசிக்கேல்லை" என்றார்.

உயரமான ஆள். கையில் எப்போதும் கிறீஸ் கறை கொஞ்சம் இருக்கும். துறைமுகத்தில் டக் படகு ஒன்றில் எஞ்சின் பார்க்கிற வேலை. வெளியே வந்து நிற்கிற பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் இறங்குதுறையில் கொண்டுவந்து கட்டுகிற படகு அது. இளம் வயதில் வெளிநாட்டுக் கப்பல்களில் அலைந்து, இரண்டு அக்காமாரையும் கரை சேர்த்துவிட்டுத் திரும்பியபோது தனக்கு நாற்பது தாண்டிவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைக்கு மருந்து வைத்து அது விறைக்கும்வரை காத்திருக்கிற நேரத்தில் இப்படிக் கதைப்போம். நான் ஹோலில் படுக்கிற கதையைச் சொன்னேன். அவர் வேறு மூன்று ஆண்களோடு ஒரே அறையில் படுக்கிற கதையைச் சொன்னார். மூன்று பேரும் மூன்று விதமாகக் குறட்டை விடுவார்களாம். அவர் அதைச் செய்து காட்டியபோது, வாய் விறைத்திருந்த பிள்ளையும் சிரித்தது.

பல் வேலையெல்லாம் முடிந்து பிறகு ஒரு நாள் தனியாக வந்தார். பள்ளிக்கூடம் விட்டு, நான் பூட்டிக்கொண்டு வெளியே வருகிற நேரம். மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றார்.

"உங்களிட்ட ஒரு விஷயம் கேக்கோணும். பிழையா எடுக்கக்கூடாது."

"கேளுங்கோ."

"துறைமுகத்துக்குள்ள ஒரு குவாட்டர்ஸ் காலியாகுது. பழைய வீடு. ஆனா நல்ல வீடு. ரெண்டு அறை, ஹோல், குசினி. பின்னால இறங்கினா கடல்."

"சந்தோஷம். எடுங்கோவன்."

"கலியாணம் முடிச்ச ஆக்களுக்குத்தான் குடுப்பினம்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது.

"எனக்குக் கதைக்கத் தெரியாது" என்றார். "ஒரு அறை உங்களுக்கு, ஒரு அறை எனக்கு. நான் உங்களுக்கு ஒரு தொந்தரவும் தரமாட்டன். நீங்கள் வேலைக்குப் போய் வரலாம். உங்கட சம்பளம் உங்கட. வேண்டாமெண்டா இதைக் கேட்டதா நினைக்காதேங்கோ. நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். அன்று அண்ணாவின் பிள்ளைகளுடைய நண்பர்கள் கிரிக்கெட் பார்க்க வந்திருந்தார்கள். ஹோல் நிறைய ஆட்கள். நான் குசினியில் ஒரு பலகையில் உட்கார்ந்து, அது முடியுமட்டும் காத்திருந்தேன். பிறகு எழும்பிப் பின்வளவுக்குப் போய் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரெண்டு அறைக்கும் கதவு இருக்கோ?"

"இருக்கு" என்றார். பிறகு அவசரமாக, "தாழ்ப்பாளும் இருக்கு" என்றார்.

மற்ற விஷயங்களை டச் பே கடற்கரையில் நடந்தபடி பேசினோம். சமையல் பாதி பாதி. மீன் அவர் வெட்டுவார், நான் காய்ச்சுவேன். அவருடைய எஞ்சின் உடுப்பை அவரே தோய்ப்பார். ஆட்கள் வந்தால் சாதாரணமாக நடந்துகொள்வோம். யாருக்காவது சரிவராவிட்டால் சண்டை பிடிக்காமல் பிரிந்துவிடுவோம். கச்சான் கடலை சுற்றிய பேப்பரைக் கையில் கசக்கியபடி அவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். வீட்டில் அண்ணா ஆச்சரியப்பட்டார், அண்ணி அழுதார். அண்ணியின் அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

தாலி கட்டியது சல்லி முத்துமாரியம்மன் கோயிலில். அவருடைய தாய் அந்த ஊர்ப் பெண். தம்பிக்குக் கலியாணம் சரிவந்தால் அங்கேதான் என்று அக்கா நேர்த்தி வைத்திருந்தாராம். கருவாடு காய்கிற வாசனை கோயில் வாசல் வரைக்கும் வந்தது. மூன்றாவது முடிச்சை அக்காதான் போட்டார். போட்டுவிட்டு என் கன்னத்தைத் தடவி, "இவன் சரியான அப்பாவி, பிள்ளை. நீதான் பாத்துக்கொள்ளோணும்" என்றார். எனக்குக் குற்றவாளி போல இருந்தது. இந்த அக்கா நினைத்துக்கொண்டிருக்கிற கலியாணம் இது இல்லையே.

வீடு அவர் சொன்னதைவிட நன்றாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். உயரமான கூரை, அகலமான யன்னல். பின்பக்கத்துப் படியில் இறங்கினால் உள்துறைமுகம், குளம் போல அசையாமல் கிடக்கும். முதல் நாள் நான் என் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை. அடுத்த அறையில் அவருக்கும் நித்திரை வரவில்லை என்பது காலையில் தெரிந்தது. குறட்டைச் சத்தம் இல்லாமல் படுக்க ஏலாமல் இருந்ததாம்.

நல்ல விடுதியில் தங்கியிருக்கிற இரண்டு பேர் போலத்தான் இருந்தோம். "குளிச்சிட்டீங்களோ?" "நீங்கள் முதல்ல போங்கோ." "இல்லை, நீங்கள் போங்கோ." அவருக்கு விடியக்காலை வேலை என்றால் தேத்தண்ணி ஊற்றி, எனக்கு ஒரு கோப்பையை மூடி வைத்துவிட்டுப் போவார். ஆறிப்போயிருக்கும். ஆனாலும் குடிப்பேன். ஹோலில் கிடந்த இரண்டு கதிரைகளையும் அவர் தூரத் தூரப் போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, காற்று வரத்தான் என்றார்.

நான் பின்வளவில் பயிற்றை, கத்தரி, கறிவேப்பிலை எல்லாம் வைத்தேன். துறைமுகத்துக்குள் திரிகிற மான்கள் வந்து ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டுப் போயின. நான் படியில் உட்கார்ந்து வெறும் தண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அடுத்த ஓய்வு நாளில், படகில் கழித்துவிட்ட தடிப்பான கயிறுகளைச் சுமந்துகொண்டு வந்து, கம்பு நட்டு, மாலுமிகள் போடுகிற முடிச்சுகளால் வேலி ஒன்று பின்னினார். காலையில் தொடங்கியவர் மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை. அவ்வளவு அழகான வேலியை நான் எங்கும் பார்த்ததில்லை. மான்கள் அதைத் தாண்டிக் குதித்து வந்து மறுபடியும் எல்லாவற்றையும் தின்றன. அவர் இடுப்பில் கை வைத்து நின்று, "இதுகள் இவ்வளவு பாயுமெண்டு தெரியாது" என்றார். நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், அவரும் சேர்ந்து சிரித்து, இரண்டு பேரும் அந்த வளவிலேயே உட்கார்ந்துவிட்டோம். பிறகு வேலியை உயர்த்திக் கட்டினார். நான் கயிறு பிடித்தேன்.

அவர் சாப்பிடும்போது இடது பக்கத்தால் மட்டும் மெல்லுவதைக் கவனித்துவிட்டேன். என் வேலை அது, கவனிக்காமல் இருக்க ஏலாது. வாயைத் திறந்து காட்டுங்கோ என்றேன். ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஒரு நாள் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு, முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு ஹோலில் இருந்தார்.

"அக்காட மகளைக் கிளினிக்குக்கு வா வா எண்டு கூட்டிவரத் தெரிஞ்சுது. நீங்கள் என்னண்டு இப்பிடி?"

"எனக்குப் பயம்" என்றார்.

கடலில் எவ்வளவோ பார்த்த மனிதர், அதை அப்படியே சொன்னார். நான் பெரியவர்களுக்குப் பல் பிடுங்குகிறதில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கதிரையில் சாய்ந்ததும் அவருடைய கால்கள் தன்பாட்டில் ஆடின. வைத்தியர் என்னைப் பார்த்து, "நீங்கள் இவரின்ட மனிசிதானே? அங்கால நிக்காமல் வந்து இவரைப் பிடியுங்கோ" என்றார். போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். பிடித்தேன். தாலி கட்டிய நாளுக்குப் பிறகு, ஆறு மாதம் கழித்து, அதுதான் நாங்கள் முதல் முதலாகத் தொட்டுக்கொண்டது. விரல் எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரிப் பிடித்தார். பல் வந்து, பஞ்சு வைத்து, ரத்தம் நின்ற பிறகும் விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆட்டோவிலும் அப்படியே வந்தோம். வாயில் பஞ்சு இருந்ததால் அவர் கதைக்க வேண்டியிருக்கவில்லை. அது இரண்டு பேருக்கும் வசதியாகப் போய்விட்டது.

அந்த மாரி காலத்தில் ஒரு நாள் நல்ல காற்றும் மழையும். பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டு நான் வீட்டுக்கு வந்தால் அவர் இல்லை. அன்று அவருக்கு ஓய்வு நாள். பக்கத்துக் குவாட்டர்ஸ் அக்கா வந்து, வெளியே நின்ற கப்பல் ஒன்று நங்கூரம் பிடிக்காமல் இழுபடுகிறது, எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்னார். யன்னலால் பார்த்தால் கடலும் இல்லை, கரையும் இல்லை, சாம்பல் நிறமாக ஒரே மழை. தொலைபேசி வேலை செய்யவில்லை. நான் சோறு போட்டேன், கறி சூடாக்கினேன், வெங்காயம் தேவையே இல்லாமல் நிறைய வெட்டினேன். பொழுது படுகிற நேரம் நனைந்து ஊறி வந்து வாசலில் நின்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போக ஏலாதோ? ஒரு துண்டு எழுதி வைக்க ஏலாதோ? இஞ்ச ஒரு மனிசி இருக்கிறாள் எண்ட நினைப்பு இல்லையோ?"

அவர் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்று கேட்டார். முடிந்ததும், "அம்மாவுக்குப் பிறகு என்னை ஆரும் இப்பிடி ஏசினதில்லை" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் துவாயை எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

இப்படியே இன்னும் ஒரு வருஷம் போயிருக்கும். எங்கள் வரிசையில் கடைசிக் குவாட்டர்ஸில் கூரை வளை ஒன்று முறிந்து விழுந்தது. நல்ல வேளை, அந்த வீட்டில் யாரும் இல்லை. துறைமுக ஆட்கள் வந்து பார்த்து, வரிசை முழுவதும் இருக்கத் தகுதியில்லை, இரண்டு மாதத்தில் எல்லாரும் எழும்ப வேண்டும் என்றுவிட்டார்கள். வேறு வீடு கொடுக்க இல்லை. அதே நேரத்தில்தான் அண்ணா தன் வீட்டுக்கு மேல்மாடி கட்டி முடித்திருந்தார். அதில் ஒரு அறை எனக்கு என்று அண்ணி ஆசையாகச் சொல்லி, யன்னல் சீலைகூடத் தைத்திருந்தார். எப்போது வேண்டுமென்றாலும் வந்து நிற்கலாம் என்றார்.

அறிவித்தல் வந்து சில நாட்கள் போயின. ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தொடங்கினார்.

"அண்ணா வீட்டில மேல் அறை முடிஞ்சுதெண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"நல்ல காத்து வருமோ?"

"வரும்."

"அப்ப உங்களுக்குப் பிரச்சினை இல்லை. நான் பழையபடி பெடியளோட அறையில போய் இருப்பன். ஆக்களுக்கு வேலை விஷயமெண்டு ஏதும் சொல்லலாம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நான் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினேன். கழுவிய கோப்பையை மறுபடியும் கழுவினேன்.

"நீங்கள் இப்ப என்ன சொல்ல வாறீங்கள்?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"நான் சொன்ன சொல்லைத்தான் சொல்லுறன். வீட்டுக்காகத்தானே வந்தனீங்கள். வீடு இல்லையெண்டால் உங்களை மறிச்சு வைக்க எனக்கு என்ன உரிமை? தொந்தரவு தரமாட்டன் எண்டு சொன்னனான்."

"தொந்தரவு தாங்கோ" என்றேன்.

நான் குழாயை மூடினேன்.

"என்ன சொன்னனீங்கள்?"

"காதில விழுந்ததுதானே. நீங்கள் இல்லாத மேல் அறை எனக்கு எதுக்கு? காத்து வந்தால் என்ன, வராட்டி என்ன?"

கதிரை உரசுகிற சத்தம் கேட்டது. அவர் கையைக்கூடக் கழுவாமல், சோற்றுக் கையோடு குசினி வாசலில் வந்து நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"உங்களுக்கு முதலே இதை நான் சொல்லியிருக்கோணும்" என்றார். "அந்த வேலி கட்டின நாளே சொல்லியிருக்கோணும். எனக்குத்தான் கதைக்கத் தெரியாதே."

"கையைக் கழுவுங்கோ முதல்ல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம். திருகோணமலை ரவுணுக்குள் எங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. டக் படகில் அவரோடு வேலை செய்கிற ஒருவர், குறிஞ்சாக்கேணியில் தன் மாமனாரின் வளவில் ஒரு சின்ன வீடு சும்மா கிடக்கிறது என்றார். மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போனோம். நான் முதல் தடவையாக அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரைக்கும் பின்னால் இருக்கிற கம்பியைத்தான் பிடிப்பேன்.

களப்புத் தண்ணீரைப் பார்த்த வீடு. நீலக் கதவு, முற்றத்தில் ஒரு முருங்கை. வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் அவர் நானா; எங்களைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"எல்லாம் நல்லாரிக்கி. அறைதான் ஒண்டு. ரெண்டு பேருக்கும் காணுமா மகள்?"

அவர் சட்டென்று முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"காணும் நானா" என்றேன்.

அங்கே வந்து நான்கு வருஷமாகிறது. காலையில் பஸ்ஸில் வேலைக்குப் போக நேரம் எடுக்கும், அது ஒன்றுதான் குறை. அண்ணாவின் மேல் அறையை மூத்த மகன் பிடித்துக்கொண்டான். அந்த யன்னல் சீலைகளை அண்ணி எங்களுக்கே தந்துவிட்டார். நானாவின் மனைவி ராத்தா நோன்பு காலத்தில் ஒவ்வொரு நாளும் கஞ்சி அனுப்புவார். நாங்கள் பொங்கலுக்குப் பொங்கல் கொடுப்போம். பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் அதை நினைத்தோம், ஆஸ்பத்திரிக்கும் போனோம், பிறகு விட்டுவிட்டோம். இவருடைய அக்கா மகள் லீவு விட்டால் வந்துவிடுவாள். இப்போது கடிக்கிறதில்லை, ஆனால் வாய் நல்ல நீளம்.

போன மாதம் வீட்டுக்கார நானாவின் கடைசி மகளுக்குக் கலியாணம். ஆண்கள் வெளியே பந்தலில், பெண்கள் உள்ளே. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெண்வீட்டுச் சொந்தக்காரி ஒருவர் இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்கட கலியாணம் பேசிச் செஞ்சதா, விரும்பிச் செஞ்சதா?" என்று கேட்டார்.

"பேசித்தான்" என்றேன். "நல்லா விபரமாப் பேசினது."

திரும்பி வரும்போது முற்றத்தில் அவர் என் செருப்பைத் தேடி எடுத்துத் தந்தார். வெளியே அவரிடமும் யாரோ அதையே கேட்டார்களாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

"விரும்பித்தான் எண்டு சொன்னனான்."

"பொய் சொல்லியிருக்கிறீங்கள்."

"இல்லை" என்றார். "அந்தப் பிள்ளைக்குப் பல் நாலுதான் அடைக்க இருந்தது. அஞ்சாவது தடவையும் சும்மா ஒருக்காப் பாருங்கோ எண்டு நான் கூட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் கவனிக்கேல்லை."

நான் கணக்குப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு காலமும் வாயைத் திறக்காமல் இருந்த மனிதரின் முதுகில் ஒன்று போட்டேன். வயிறு நிறைந்திருந்ததால் இரண்டு பேரும் மெல்ல மெல்ல நடந்து வீட்டுக்குப் போனோம்.